சட்டக் கேள்வி பதில்: லாயரின் சிஜில் எங்கே?

பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாயர்களைப் பற்றியவை. சட்டச் சந்தேகம் கேட்டவர்கள் குறைவு. லாயர் மேலேயே சந்தேகப்பட்டு எழுதியவர்கள்தான் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

யூனியனில் சேர்வதும் விலகுவதும் தோட்டத் தொழிலாளியின் விருப்பம். லாயர்கள் மட்டும் மன்றத்தில் கட்டாயம் இருக்க வேண்டுமாமே? அப்படியானால் அந்த மன்றம் அவர்களுக்குத்தானே பரிந்து பேசும்? அங்கே போய் அவர்கள் மேலேயே புகார் கொடுத்து என்ன பயன்?
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

கட்டாயம் என்பது உண்மை. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம், அதாவது அக்தா புரொஃபெசியன் உண்டாங்-உண்டாங், பாடான் பெகுவாம் மலேசியாவை, அதாவது மலேசிய வழக்கறிஞர் சங்கத்தை, ஒரு சட்டபூர்வ அமைப்பாக நிறுவியது. செல்லுபடியாகும் தொழில் சான்றிதழ், அதாவது சிஜில் அமாலான், கையில் இருக்கும் ஒவ்வொருவரும் தானாகவே அதன் உறுப்பினர். மனுப் போட்டுச் சேரவும் முடியாது, தொழிலை வைத்துக்கொண்டு விலகவும் முடியாது. சிஜில் காலாவதியானால் உறுப்பியமும் போய்விடும்.

யூனியன் தன் உறுப்பினரின் நலனுக்காக இருக்கிறது. பாடான் பெகுவாமின் நோக்கங்களைச் சொல்லும் 42ஆம் பிரிவோ, தன் நலனையும் உறுப்பினர் நலனையும் பாராமல், அச்சமோ தயவோ இன்றி நீதிக்காக நிற்பதை முதல் கடமையாக வைக்கிறது. நடைமுறையில் எப்போதும் அப்படித்தானா என்று கேட்டால், உறுப்பினர்களே அதைப் பற்றி ஆண்டுக் கூட்டத்தில் சண்டை போடுவார்கள். ஆனாலும் 2007 செப்டம்பரில் அம்பிகா சீனிவாசன் தலைவராக இருந்தபோது, நீதிபதி நியமனம் பற்றிய வீடியோ விவகாரத்தில் ஏறக்குறைய 2,000 லாயர்கள் புத்ராஜெயாவில் நடந்தே போய் விசாரணை கேட்டார்கள். அந்த நடைக்குச் சட்ட அடிப்படை இந்தப் பிரிவுதான்.

நிர்வாகத்தைப் பார்ப்பது மஜ்லிஸ் பெகுவாம், நாம் வழக்கறிஞர் மன்றம் என்று சொல்வது. மொத்தம் 38 பேர்: முந்தைய தலைவரும் துணைத் தலைவரும், 12 மாநிலக் குழுக்களின் தலைவர்கள், மாநிலத்துக்கு ஒரு பிரதிநிதி, தீபகற்பம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 12 பேர். 11 மாநிலங்களோடு கோலாலம்பூரும் சேர்ந்து 12. நம் பக்கத்து லாயர்கள் ஈப்போவில் உள்ள பேராக் குழுவின் கீழ் வருவார்கள். சபாவும் சரவாக்கும் இதில் சேராது. அங்கே சட்டமும் அமைப்பும் தனி. இங்குள்ள லாயர் நினைத்தவுடன் கூச்சிங்கில் போய் வழக்காட முடியாது.

அரசுத் தரப்பு வழக்கறிஞர், மாஜிஸ்திரேட், வங்கியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரி ஆகியோர் சட்டம் படித்தவர்கள்தான், ஆனால் மன்ற உறுப்பினர்கள் அல்லர். மன்றத்துக்கு அவர்கள் மேல் அதிகாரமும் கிடையாது.

உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான இடத்தில் குத்துகிறது. லாயரே லாயரை விசாரித்தால் எப்படி என்ற அதே கேள்வி முன்பும் எழுந்தது. இப்போது ஒழுங்கு நடவடிக்கை மன்றத்தின் கையில் இல்லை. லெம்பாகா தாத்தாதெர்திப் என்ற தனி வாரியம் அதைக் கவனிக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கட்டாய உறுப்பியம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நார்த் டகோட்டா 1921இல் கட்டாயமாக்கியது, டெக்சாஸிலும் கட்டாயம், நியூயார்க்கில் விருப்பம். கட்டாயமாக வாங்கும் சந்தாவைத் தொழிலோடு தொடர்பில்லாத அரசியல் காரியத்துக்குச் செலவிடக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990இல் கலிபோர்னியா வழக்கில் சொன்னது. தொழிலை ஒழுங்குபடுத்தும் வேலையையும் சங்க வேலையையும் கலிபோர்னியா 2018இல் பிரித்தே விட்டது.

ஆபீஸ் சுவரில் பட்டம் தொங்குகிறது, போர்டும் இருக்கிறது. ஆனால் 'அவருக்கு இந்த வருஷம் லைசன்ஸ் இல்லை' என்று ஊரில் பேச்சு. லாயருக்கு லைசன்ஸ் உண்டா என்ன?
— சாப்பாட்டுக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

உண்டு, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். சுவரில் தொங்குவது பல்கலைக்கழகப் பட்டமாக இருக்கலாம், உயர்நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகச் சேர்த்துக்கொண்ட உத்தரவாகவும் இருக்கலாம். அந்த உத்தரவால் அவர் பெயர் வழக்கறிஞர் பதிவேட்டில் ஏறுகிறது. தொழில் செய்ய அது மட்டும் போதாது. அந்த ஆண்டுக்கான சிஜில் அமாலானும் வேண்டும். அது டிசம்பர் 31உடன் முடிந்துவிடும்.

புதுப்பிக்க அவர் முதலில் மன்றத்திடம் சிஜில் அன்னுவல் என்ற ஆண்டுச் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். அதற்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், தொழில் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், இழப்பீட்டு நிதிக்குப் பங்கு செலுத்தியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் பணத்தை வைத்திருந்தவர் என்றால் கணக்காய்வாளர் அறிக்கையும் கொடுக்க வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் மன்றம் கடிதம் தரும். அந்தக் கடிதத்தைக் காட்டினால் உயர்நீதிமன்றப் பதிவாளர் சிஜில் அமாலானை வழங்குவார்.

சிஜில் தாமதமாகிறது என்றால் எங்கே சிக்கல் என்று பார்ப்பது நல்லது. சந்தா மறந்துபோவது சில நூறு ரிங்கிட் விஷயம், ஒரு வாரத்தில் தீரும். கணக்காய்வாளர் அறிக்கை வரவில்லை என்றால் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். வாடிக்கையாளர் கணக்கில் வரவும் இருப்பும் ஒத்துப்போகாதபோது ஆடிட்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். எல்லாத் தாமதத்துக்கும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பணம் அவரிடம் இருந்தால், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சிஜில் இல்லாமல் தொழில் செய்வது குற்றம். அந்தக் காலத்தில் செய்த வேலைக்கு அவர் கட்டணம் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. சரிபார்ப்பது எளிது. மன்றத்தின் இணையத்தளத்தில் லாயர் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தட்டினால் எந்த நிறுவனம், எந்த ஊர் என்று வரும். பெயர் வரவில்லை என்றால் உடனே ஊரெல்லாம் சொல்லிவிடாமல், ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முழுப் பெயரைக் கேட்டு மறுபடி தேடுங்கள். நம் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயர், எழுத்துக்கூட்டு என்று ஆயிரம் குழப்பம். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஈப்போ குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. பெசுருஜெயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்), மனு எழுதுகிறவர், லாயர் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) ஆகிய மூவரும் லாயர் அல்லர். கிராணி பாரம் நிரப்பலாம், கோப்பு தேடித் தரலாம். வழக்கில் என்ன செய்வது என்று ஆலோசனை சொல்லிக் காசு வாங்கக்கூடாது.

வீடு வாங்க 18,000 வெள்ளி முன்பணம் லாயரிடம் கொடுத்தேன். விற்பவர் 'எனக்கு வரவில்லை' என்கிறார். லாயர் நான்கு மாதமாகப் போன் எடுப்பதில்லை. ஆபீசுக்குப் போனால் 'பாஸ் கோர்ட்டில் இருக்கார்'. எங்கே போவது?
— பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சுங்கை சிப்புட்

முதல் கேள்வி, பணத்தை யார் பெயரில் கொடுத்தீர்கள்? 1990ஆம் ஆண்டுக் கணக்கு விதிகளின்படி வாடிக்கையாளர் பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்தான் போக வேண்டும். ஆபீஸ் வாடகை, சம்பளம் போகும் கணக்கு வேறு. இரண்டையும் கலக்கக்கூடாது. வங்கிச் சீட்டில் நிறுவனத்தின் பெயரோடு 'கிளையண்ட் அக்கவுண்ட்' என்று இருந்தால் நல்லது. லாயரின் சொந்தப் பெயருக்கோ கிராணியின் கணக்குக்கோ போட்டிருந்தால் நிலைமை சிக்கல்தான். ஆனால் கதை முடிந்துவிடவில்லை.

இனி போன் வேண்டாம். கடிதம் எழுதுங்கள். கோப்பு எண், கொடுத்த தேதி, தொகை, ரசீது எண் எல்லாம் போட்டு, பணத்தின் கணக்கு விவரத்தை 14 நாளில் தரும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். 14 நாள் என்பது சட்டம் சொல்வதல்ல, நாங்கள் சொல்லும் அளவு. பாதிப் பிரச்சினை இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடும். சில நேரம் விற்பவரின் கிராண்டில் (நிலப் பட்டாவில்) பழைய கடன் இருப்பதால் பணம் நியாயமாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை உங்களுக்குச் சொல்லாததுதான் லாயரின் தப்பு.

பதில் வரவில்லை என்றால் கதவுகள் நான்கு. ஒன்றைத் தட்டிவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

ஒழுங்கு நடவடிக்கைக்குக் கோலாலம்பூரில் உள்ள லெம்பாகா தாத்தாதெர்திப். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மேல் அல்ல, லாயரின் பெயரில் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் மூன்று லாயர் இருந்தால், உங்கள் கோப்பைப் பார்த்தவர் யார் என்று கண்டுபிடித்து எழுதுங்கள். நடந்ததைத் தேதி வரிசையில் இரண்டு பக்கத்துக்குள் சொல்லுங்கள். ரசீது, கடிதம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள், மூலத்தை அனுப்பாதீர்கள். 'இவன் திருடன், இவன் குடும்பம்...' என்று தொடங்கும் புகார்களைப் பார்த்திருக்கிறோம். எட்டாவது பக்கத்தில்தான் தொகையே வரும்.

வாரியம் லாயரிடம் விளக்கம் கேட்கும். விசாரிக்க வேண்டும் என்று பட்டால் மூவர் கொண்ட குழுவுக்கு அனுப்பும். அதில் இருவர் லாயர்கள், ஒருவர் லாயர் அல்லாத வெளியாள். நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், லாயர் தரப்பு உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும். தப்பு உறுதியானால் கண்டனம், அபராதம், ஐந்தாண்டு வரை தொழில் தடை, பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் ஆகியவற்றில் ஒன்று வரும். உத்தரவு பிடிக்காத தரப்பு உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். அதன் முடிவும் தண்டனைதான். உங்கள் 18,000 கையில் வர அதையே நம்பியிருக்காதீர்கள்.

பணம் கையாடப்பட்டது என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் ரிப்போர்ட். நம்பிக்கைத் துரோகம் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம். அதோடு மன்றத்தின் இழப்பீட்டு நிதிக்கும் மனுப் போடலாம். ஒவ்வொரு லாயரும் கட்டும் பங்கில் சேரும் நிதி அது. லாயரோ அவர் கிராணியோ நேர்மையற்று நடந்ததால் வந்த இழப்புக்குத்தான் கொடுப்பார்கள், கவனக்குறைவுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பதும் மன்றத்தின் முடிவு, அதை உரிமையாகக் கேட்க முடியாது. கெடு இருப்பதால் விஷயம் தெரிந்த உடனே எழுதுங்கள்.

நான்காவது, சிவில் வழக்கு. லாயர் காசை எடுக்கவில்லை, ஆனால் கெடுவைத் தவறவிட்டார், தப்பான பத்திரம் போட்டார் என்றால் அது கவனக்குறைவு. அதற்கு அவர்மேல் வழக்குப் போட்டால் பின்னால் கட்டாயக் காப்புறுதி நிற்கிறது. பொதுவாக ஆறு ஆண்டுக்குள் போட வேண்டும். கன்சியூமர் டிரிபியூனலுக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்காரர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. ஆகவே அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அம்மாவின் கிராண்டு ஒரு லாயரிடம் இருந்தது. தனியாளாக ஆபீஸ் நடத்தியவர், இறந்துவிட்டார். ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது.
— இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

தனி லாயர் இறந்தாலோ, நோயில் விழுந்தாலோ, தடை செய்யப்பட்டாலோ மன்றம் தலையிட்டு அவருடைய கோப்புகளையும் வாடிக்கையாளர் கணக்கையும் தன் பொறுப்பில் எடுக்க வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 88ஏ பிரிவு இடம் தருகிறது. மன்றத்துக்கு எழுதுங்கள்: லாயர் பெயர், ஆபீஸ் முகவரி, அம்மாவின் ஐசி எண், கிராண்டு எண், லாட் எண். ஆபீஸ் சாவி வைத்திருக்கும் குடும்பத்தாரிடம் போய் நீங்களே அலமாரியைத் திறந்து எடுக்காதீர்கள். அந்த அலமாரியில் மற்றவர்களின் கிராண்டும் இருக்கும். பிறகு ஒன்று காணாமல் போனால் உங்கள் பெயர்தான் வரும். இதற்கிடையில் நில அலுவலகத்தில் ஒரு தேடல் போட்டு, பெயர் இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறதா, புதிதாக அடமானம் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வந்து, 'நம்ம லாயர் பார்த்துப்பார், காசே வேண்டாம், கிடைப்பதில் 30 விழுக்காடு' என்று கையெழுத்து வாங்கிப் போனார். சரியா?
— தோட்டக் காவலாளி, சுங்கை சிப்புட்

இரண்டு தப்பு ஒரே ஆளிடம். வழக்கில் கிடைப்பதில் பங்கு என்று லாயர் ஒப்பந்தம் போடுவதை அதே சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் ஒழுங்கு மீறல். அந்த ஆள் லாயரே அல்ல என்பதால் அவரை மன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாது, அவரிடம் கோப்பு வாங்கும் லாயரைச் செய்யலாம். அதனால் கையெழுத்து வாங்கியவர் பெயரைவிட, காகிதத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பாருங்கள். நகல் தரவில்லை என்றால் அதுவே பதில்.

நீங்கள் லாயரை மாற்றலாம். புதியவரிடம் போனால் பழையவருக்கு அவர் கடிதம் எழுதிக் கோப்பை வாங்குவார். முன்னவர் உண்மையில் வேலை செய்திருந்தால், அந்தக் கட்டணம் தீரும்வரை கோப்பைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு. கையெழுத்து வாங்கியது மட்டும்தான் வேலை என்றால் கொடுக்க ஒன்றுமில்லை.

அவசரப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. காயத்துக்கான வழக்குக்கு ஆறு ஆண்டு கெடு. எதிரே அரசாங்க வாகனம் என்றால் மூன்று ஆண்டு. ஆள் இறந்து குடும்பம் கேட்கும் இழப்பீடு என்றாலும் மூன்று ஆண்டுதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மகன் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து என்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் முதலில் மனுப் போடுங்கள். அதற்கு லாயரே வேண்டாம், அதில் யாருக்கும் 30 விழுக்காடும் கிடையாது.

300,000 ரிங்கிட் வீட்டுக்கு லாயர் 14,000 கேட்கிறார். கொள்ளையா?
— கிளினிக் ஊழியர், சுங்கை சிப்புட்

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஜூலை 15 முதல் நடப்பிலுள்ள கட்டண உத்தரவின்படி விலையில் முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. உங்கள் வீட்டுக்கு 3,750. வங்கிக் கடன் 270,000 என்றால் அந்தப் பத்திரத்துக்குத் தனியாக 3,375. சேவை வரி 8 விழுக்காடு, இரண்டுக்கும் சேர்த்து 570. மாற்றுப் பத்திரத்தின் ஸ்டாம்ப் 5,000, முதல் 100,000க்கு ஒன்றும் அடுத்ததற்கு இரண்டும் விழுக்காடு. கடன் பத்திர ஸ்டாம்ப் அரை விழுக்காடு, 1,350. மொத்தம் 14,045. ஆக, கேட்பது கொள்ளை இல்லை. பாதிக்கு அருகில் அரசாங்கத்துக்குப் போகிறது. இது உங்கள் முதல் வீடு என்றால் ஸ்டாம்ப் விலக்கு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அதைக் கேட்காமல் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கு விவகாரங்களுக்கு இப்படி விகிதப் பட்டியல் இல்லை, முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். பில் அதிகம் என்று தோன்றினால், கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் அதைச் சரிபார்க்கக் கேட்கலாம். பில் கொடுத்து ஒரு மாதம் ஆகுமுன் லாயரும் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது.

புதிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேம்பாட்டாளரின் லாயர் அதே விற்பனையில் உங்களுக்கும் லாயராக இருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று அவர் சிரித்தாலும் அவர் அந்தப் பக்கத்து ஆள்தான்.

மகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்திருக்கிறாள். லாயராக எத்தனை ஆண்டு?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஐடிஎம், இஸ்லாமியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் சட்டப் பட்டம் என்றால் நேராகச் சேம்பரிங், அதாவது ஒரு லாயரிடம் தொழில் பயிற்சி, போகலாம். தனியார் கல்லூரி வழியாக அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுப் பட்டம் என்றால் இடையில் சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு. ஐந்து தாள், முதல் முயற்சியில் தேறாதவர்கள் நிறைய. பட்டத்துக்குப் பணம் கட்டுமுன் அந்தப் பட்டத்தைத் தகுதி வாரியம் ஏற்கிறதா என்று பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சேம்பரிங் ஒன்பது மாதம், குறைந்தது ஏழாண்டு தொடர்ந்து தொழில் செய்த லாயரிடம். மூன்று மாதம் முடிந்தால் கீழ்நீதிமன்றங்களில் சில வேலைக்கு அனுமதி வாங்கலாம். அந்த ஒன்பது மாதத்தில் மன்றத்தின் எழுத்து அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக்கூடாது. மாலையில் டியூஷன் எடுத்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் முதலில் மன்றத்திடம் அனுமதி கேளுங்கள். பிறகு உயர்நீதிமன்றத்தில் மனு. அதன் நகல் சட்டத்துறைத் தலைவருக்கும் மன்றத்துக்கும் மாநிலக் குழுவுக்கும் போகும், யாரும் ஆட்சேபிக்கலாம். மலாய் மொழித் தகுதியும் வேண்டும், எஸ்பிஎம் மலாய் மதிப்பெண்ணை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

லாயருக்குக் கொடுக்கக் காசே இல்லாதவன் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்றவர்

போலீஸ் பிடித்த வழக்கு என்றால் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், அதாவது தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் காலையிலேயே நீதிமன்றத்தில் அவர்களின் லாயர் இருக்கிறாரா என்று கேளுங்கள், மறுநாள் வரை காத்திராதீர்கள். மன்றத்தின் பந்துவான் குவாமான் (சட்ட உதவி) மையம் தனி, அதற்கு ஒவ்வொரு லாயரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் கட்டாயமாகக் கட்டுகிறார். விவாகரத்து, பராமரிப்புத் தொகைக்கு அரசாங்கத்தின் ஜபாத்தான் பந்துவான் குவாமான் (சட்ட உதவித் துறை). மூன்றிலும் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள், சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள்.

சம்பளப் பாக்கி என்றால் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் துறை), அங்கே லாயர் இல்லாமலே விசாரணை நடக்கும். ஒருவர் உங்களுக்கு 5,000 ரிங்கிட் வரை தர வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198ஆம் பாரம் வாங்கி நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். அந்தச் சிறு கோரிக்கை வழக்கில் பொதுவாக எதிர்த்தரப்பும் லாயரைக் கூட்டி வர முடியாது.